தொழிற்சாலைச் சரக்குக்கு ஏற்ற துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆண்டுக்கு இத்தனை கோடி டன் சரக்கைக் கையாளுகிறோம் என்றுதான் பெரும்பாலான துறைமுகங்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தொழிற்சாலை நடத்துபவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. ஒரு துறைமுகத்தில் பத்துக் கப்பல் தளங்கள் இருந்தாலும் நம் சரக்கு ஏறி இறங்கப்போவது ஒன்றிலோ இரண்டிலோதான் என்பதால், விசாரணையை நம் சரக்கிலிருந்து தொடங்கி, அந்தத் தளத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

முதலில் சரக்கின் இயல்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கண்டெய்னரில் செல்வதா, நிலக்கரியும் தாதுவும்போல் கொட்டி ஏற்றும் பல்க் சரக்கா, குழாய்வழி ஏற்றும் திரவமா, இயந்திரம்போல் தனி உருப்படியா? கண்டெய்னர் என்றால் எடையா, பருமனா எது முதலில் நிரம்பும் என்பதைக் கணக்கிடுங்கள். 20 அடிப் பெட்டியின் உள்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர்; 40 அடிப் பெட்டியில் இதுபோல் இரு மடங்கு இடம் உண்டு. ஆனால் பெட்டியோடு சேர்த்த உச்ச எடை இரண்டுக்குமே பொதுவாக 30,480 கிலோதான். தரை ஓடு, கிரானைட் போன்ற கனமான சரக்கை 40 அடிப் பெட்டியில் ஏற்றினால் பாதி இடம் காலியாகவே பயணம் செய்யும்.

பல்க் சரக்கு அனுப்புவோர் அதிகம் கவனிக்க வேண்டியது நீரின் ஆழம். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கியிருக்கும் அளவை டிராஃப்ட் என்பர்; அது எவ்வளவு இருக்கலாம் என்று துறைமுகம் வரம்பு விதிக்கும். சுமார் 55,000 டன் ஏற்றும் கப்பல் ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வதற்கும் ஏறத்தாழ 55 டன் சரக்கு தேவைப்படும். தளத்தின் ஆழம் 20 சென்டிமீட்டர் குறைந்தால் 1,100 டன் கரையிலேயே தங்கிவிடும். கப்பல் வாடகையோ குறையாது. ஆகவே அறிவிப்புப் பலகையில் உள்ள ஆழத்தை நம்பாமல், கடைசியாக எப்போது ஆழம் அளக்கப்பட்டது, தூர் எப்போது வாரப்பட்டது, அந்த அளவு ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் மட்டம் உயரும் நேரத்தில், மட்டும் கிடைப்பதா, எப்போதும் கிடைப்பதா என்று கேளுங்கள். நுழைவுக் கால்வாய் தளத்தைவிட ஆழம் குறைந்ததாக இருந்தால் கப்பல் ஓதத்திற்காகக் காத்திருக்க நேரும். ஆற்றுத் துறைமுகமானால் இன்னொரு கணக்கும் உண்டு: நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், இதே அளவுள்ள கப்பல் முழுச் சுமையோடு நன்னீருக்குள் வரும்போது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும்.

கனரக உருப்படிகளுக்கு வருவோம். 100 டன் கிரேன் இருக்கிறது என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடுபவர்கள் பலர். அந்த 100 டன்னைக் கிரேன் தனக்கு மிக அருகில் மட்டுமே தூக்கும். கை நீள நீள அதன் திறன் குறைந்துகொண்டே போகும். கப்பலின் மறுபக்கம் வரை எட்ட வேண்டுமானால் அந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்பதைக் கிரேனின் பளு அட்டவணையில் பார்த்து, கொக்கி, கம்பிவடம் ஆகியவற்றின் எடையையும் அதில் கழிக்க வேண்டும். தளத்தின் தரை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்பதும் எழுத்தில் கிடைக்க வேண்டிய தகவலே.

அடுத்துக் கிடங்கு. சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு ஈரம் புகாத கூரை வேண்டும்; நிலக்கரிக்குத் திறந்த முற்றமே போதும். குளிர்பதனக் கண்டெய்னர்களுக்கு மின் இணைப்புகள் எத்தனை, அபாயச் சரக்குக்குத் தனி இடமும் அனுமதியும் உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

சிறிய துறைமுகங்களுக்குப் பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வருவதில்லை. ஃபீடர் எனப்படும் சிறிய கப்பல் சரக்கை மையத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய கப்பலுக்கு மாற்றும். அந்த ஃபீடர் வாரம் ஒருமுறைதான் வருமென்றால், தவறவிடும் சரக்கு ஒரு வாரம் கிடக்கும். அருகில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு துறைமுகத்தைத் தேர்வு செய்வது என் பார்வையில் பாதிக் கணக்குதான். கட்டணமின்றிப் பெட்டியை வைத்திருக்கக்கூடிய இலவச நாட்கள் எத்தனை என்பதையும் முன்பே பேசி முடியுங்கள். அந்த நாட்களைத் தாண்டி இறக்குமதிப் பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே தங்கினால் டெமரேஜ், வெளியே கொண்டுபோன பெட்டியைக் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன் என இரு தனிக் கட்டணங்கள் உண்டு.

ஏற்றுமதிக் கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிப்பது 2016 ஜூலை 1 முதல் சர்வதேச விதிப்படி கட்டாயம்; அது இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எடைமேடை துறைமுகத்திலேயே இருக்கிறதா, வழியில் எங்காவது நிறுத்த வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் தாளில் சரியாக அமைந்தபின், பரபரப்பான ஒரு நாளில் துறைமுக வாயிலுக்குச் சென்று, ஒரு லாரி வரிசையில் சேர்வதிலிருந்து வெளியே வருவது வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை தளத்தருகே வருகிறதா, இடையில் மீண்டும் லாரியில் ஏற்ற வேண்டுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஆண்டு ஒப்பந்தம் போடுமுன் ஒரே ஒரு சரக்கை அனுப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் ஆன நேரத்தையும் செலவையும் பதிவு செய்து, அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கட்டணம் பேச உட்காருங்கள்.