பழைய சமுதாய நலக்கூடத்தைக் கலைகளுக்கும் ஏற்றதாகப் புதுப்பிக்கும் முறை

வடசென்னையில் திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரையுள்ள கடலோரப் பகுதியில் மாநகராட்சியின் பழைய சமுதாய நலக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர், வண்ணப்பூச்சுக்கும் குளிர்சாதனத்துக்கும் மதிப்பீடு கேட்பதற்கு முன்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் நிலையை அறிய வேண்டும். உப்புக்காற்றிலுள்ள குளோரைடு மெல்ல ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து நெருக்கி, கூரையின் அடிப்பகுதியைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அந்த இடத்தைச் சிமென்ட் பூசியோ பால்ஸ் சீலிங் அமைத்தோ மறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அங்கே குழந்தைகள் உட்காரப் போகிறார்கள்.

கட்டமைப்புப் பொறியாளரிடம் ரீபவுண்டு ஹேமர் (சுத்தியல் பட்டுத் திரும்பும் வேகத்தால் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அறிவது), அல்ட்ராசோனிக் (மீயொலி செலுத்தி உள்ளிருக்கும் விரிசலை அறிவது) சோதனைகளைக் கேளுங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மீது பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறையாத பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் வரை கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது எனக் கொள்ளலாம். ஆனால் உப்பின் அளவை இது காட்டாது. அதற்குத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பழுதுபார்க்கும்போது கம்பியின் பின்புறம் வரை தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவை நீக்கி, மெலிந்த இடங்களில் புதுக் கம்பி சேர்த்த பிறகே பாலிமர் கலந்த கலவையைப் பூச வேண்டும். மொட்டைமாடியில் நீர்க்காப்பு முடிந்ததும், தட்டோடு பதிப்பதற்கு முன்பு, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி ஒழுகுகிறதா என்று பாருங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளில் சாலை மட்டம் உயர்ந்து கூடம் பள்ளத்தில் நிற்பதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுச் சுவரில் குறித்துக்கொண்டு, மின்பலகையை அதற்கு மேலே அமையுங்கள். மழைக்காலத்தில் இதே கூடம்தான் நிவாரண முகாமாகும்.

அடுத்தது ஒலி. தரைமுதல் கூரைவரை பளபளப்பான டைல்ஸ் ஒட்டுவது கழுவ எளிது என்றாலும், கானா பாடகரின் சொல்லும் நாடகத்தின் வசனமும் அங்கே குழம்பிப்போகும். பறையின் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். கூடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161 ஆல் பெருக்கி, ஒலியை முழுமையாக உறிஞ்சும் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால், எழுந்த ஒலியின் முழக்கம் அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் அது 1.2 விநாடியாக இருக்க, ஒலியை முழுமையாக உறிஞ்சும் சுமார் 161 சதுர மீட்டர் பரப்புக்கு இணையான உறிஞ்சுதல் தேவை. அதில் ஒரு பகுதியைக் கூட்டமே தரும். மீதியை மேடைக்கு எதிர்ச்சுவரிலும் கூரையிலும் மரநார்ப் பலகைகளால் ஈடுசெய்யலாம். எளிதில் தீப்பிடிக்கும் மலிவான ஃபோம் பலகைகளை அனுமதிக்கவே கூடாது.

மேடை உயரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பதால், 60 செ.மீ. மேடைக்கு 7.2 மீட்டர் நீளமும், 1.2 மீட்டர் மேடைக்கு 14.4 மீட்டரும் வேண்டும். தாழ்ந்த மேடையே நல்லது. பெண் கலைஞர்களுக்குத் தாழ்ப்பாளுள்ள உடைமாற்றும் அறையும் கழிப்பறையும் வரைபடத்திலேயே இடம்பெறட்டும். வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

முகூர்த்த நாள் வாடகையை மட்டும் கணக்கிட்டால் மற்ற நாட்களில் கூடம் பூட்டியே கிடக்கும். ஆகவே வார நாள் மாலைகளைக் குறைந்த கட்டணத்தில் ஒத்திகைக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம்) கோரிக்கை வைத்து, வார்டு உறுப்பினர் மூலம் அதை எழுத்துப்பூர்வமான விதியாக்க முயலுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் மாடிக் குழாய்களைத் தூர்வாரும் ஆண்டுச் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே தனி இனமாகக் காட்டச் சொல்லுங்கள்.