பிளாஸ்டிக்கில் ஸ்டோர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வீட்டு மேசையில் அதன் மாதிரியைச் செய்ய உட்காருபவரைப் படாத பாடு படுத்துவது அதன் ஜன்னல்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடிகளுக்குக் காற்று வேண்டும் என்பதால் பழைய ஸ்டோர்களில் மாடிக்கு மாடி ஜன்னல் வரிசைதான். 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காக, 90 சென்டிமீற்றர் அகலமான ஜன்னல் பத்து மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான ஓட்டையாகச் சுருங்கிவிடும். நான்கு மாடி, மாடிக்கு இருபது ஜன்னல் என்றால் ஒரு சுவரிலேயே 80 ஓட்டைகள், 320 மூலைகள். அவற்றில் ஒன்று கிழிந்திருந்தாலும் பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும்.

மூலை கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் கை அழுத்தம். பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைக் காய்கறி போல ஒரே வீச்சில் அறுத்துவிட நினைக்கிறோம். அதை அறுக்கத் தேவையில்லை. கீறி முறித்தால் போதும். முதல் கீறல் கத்தியின் பாரத்திலேயே போகட்டும். அது அடுத்த கீறல்களுக்குத் தடம். ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்கு நான்கைந்து மெல்லிய கீறல்கள் போதும். பிறகு கீறிய பக்கம் மேலே இருக்க, கோட்டை மேசை விளிம்போடு ஒட்டிப் பிடித்துக் கீழே மடித்தால் தகடு நேராகப் பிரியும். முதல் வீச்சிலேயே அழுத்தினால் கத்தி தன் வழியில் போகும், விரலும் அதன் வழியில் இருக்கும். பாடசாலைப் பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்து வெட்டாதீர்கள். கத்தி அதையும் சீவிவிடும். இரும்பு அடிமட்டம் வேண்டும். அதை உங்களுக்குத் தேவையான துண்டின் மேல் வையுங்கள். கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் கீறப்படும்.

கத்தி பிளாஸ்டிக்கை விலக்கிக்கொண்டு போவதால் கோட்டின் இருபுறமும் மெல்லிய வரம்பு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தெரியும். அதைச் சுரண்டாமல் இரண்டு சுவர்களை ஒட்டினால் இடையில் மயிரிழை வெளிச்சம் நிற்கும். கத்தியை நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை இழுத்தால் வரம்பு போய்விடும்.

இனி ஜன்னல். இதை முறித்து எடுக்க முடியாது. மூலையை நோக்கிக் கத்தியை இழுப்பதுதான் இங்கே அதிகம் காணும் தவறு. கத்தி மூலையில் நிற்காது, தாண்டிப் போய்ச் சுவரில் கோடு போட்டுவிடும். மூலையில் தொடங்கி நடுப்பகுதிவரை இழுங்கள். மறு மூலையிலிருந்தும் அப்படியே. அதற்கு முன் நான்கு மூலைகளிலும், கோட்டுக்குச் சற்று உட்புறமாக, ஒரு மில்லிமீற்றர் துளை போட்டுவிட்டால் விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பின்னர் மூலைக்கு மூலை குறுக்காகவும் கீறி நடுவில் அமுக்கினால் நான்கு முக்கோணங்களாக உள்ளே விழும். மிச்சத்தைச் சின்னச் சதுர அரத்தால் சீர்செய்யலாம்.

ஆனால் எண்பது ஜன்னல் உள்ள சுவருக்கு நான் ஓட்டை போடவே மாட்டேன். மாடிக்கும் மாடிக்கும் இடையில் நீளப் பட்டைகள், ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் குட்டித் தூண்கள் என்று சுவரையே கட்டி எழுப்புவேன். மூலைகள் தாமாகவே கூர்மையாக அமையும். இங்கே வரும் தவறு, ஒவ்வொரு தூணையும் தனித்தனியாக அளப்பது. பென்சில் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு தடவையும் கூடி, கடைசித் தூணில் வரிசை சாய்ந்துவிடும். பலகையில் ஒரு முட்டுக்கட்டையை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்து வெட்டினால் அத்தனை தூண்களும் ஒரே உயரத்தில் வரும்.

கையில் இருக்கும் பிளாஸ்டிக் எது என்று பார்க்காமல் தொடங்குவதும் வீண் வேலை. முக்கோணக் குறிக்குள் 6 என்றால் பொலிஸ்டைரீன், 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், 3 என்றால் பிவிசி. பொலிப்ரொப்பிலீனில் மாதிரிப் பசை, அதாவது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை, பிடிக்காது. குறி இல்லாவிட்டால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழி போகத் தட்டிவிடுங்கள். பொலிப்ரொப்பிலீனும் பொலித்தீனும் மிதக்கும். பொலிஸ்டைரீனும் பிவிசியும் அமிழும். பொதி கட்டும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிபோம் பொலிஸ்டைரீனே என்றாலும் உள்ளே காற்று நிறைந்திருப்பதால் மிதக்கும், அதன்மேல் மாதிரிப் பசை பட்டால் கரைந்து குழி விழும். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய சிடி உறைகள் நல்லவை. அவையும் பொலிஸ்டைரீன்தான், ஆனால் நொறுங்கும் வகை. மடித்து முறிக்கும்போது சில்லுகள் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் அதில் கைவைக்காதீர்கள்.

அடுத்தது எங்கள் மூடுபனி. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் பசை. ஈரம் மிகுந்த நாளில் அது சட்டென்று இறுகும், அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். நுவரெலியாவில் இருக்கும் ஒருவர் ஆனி, ஆடி மாதங்களில் தெளிவான கண்ணாடியை அதனால் ஒட்டினால் ஜன்னலுக்கு நிரந்தரப் பனிமூட்டம்தான். கண்ணாடிக்கு மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து பால் நிறமாகும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் பகல்வேளைக்கு ஒட்டும் வேலையை ஒதுக்கி வையுங்கள்.

குளிருக்கு வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வதை நான் மிகவும் அஞ்சுகிறேன். இரண்டே அறை உள்ள லயத்து வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைகள் பக்கத்தில் படிப்பார்கள், நடுவில் கரைப்பான் போத்தல் திறந்திருக்கும். அசிட்டோன் என்ற கரைப்பானின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுப்பை எட்டிவிடும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், உட்காருங்கள்.

பிளாஸ்டிக் பட்டையை வளைக்கும் வேலையில் மலை உயரமும் குறுக்கிடும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பொலிஸ்டைரீன் 100 பாகையை நெருங்கும்போதுதான் நன்றாக இளகும். கொழும்பில் வளைந்த பட்டை இங்கே முரண்டு பிடிப்பதைப் பார்த்துச் சிலர் அதை நெருப்பில் காட்டுகிறார்கள். நெருப்பு வேண்டாம். பட்டையை ஒரு குழாயில் இறுக்கிக் கட்டி, கொதிநீரில் சில நிமிடம் வைத்து, கட்டோடு ஆறவிட்டு, தேவையானால் மறுபடியும் செய்யுங்கள். பிவிசி 80 பாகை அளவிலேயே இளகும் என்பதால் மிஞ்சிய தண்ணீர்க் குழாயை நெடுக்காக அறுத்துக் கொதிநீரில் தட்டையாக்கினால் அருமையான தகடு கிடைக்கும். அதை எரியவிட்டால் வருவது ஐதரசன் குளோரைட்டு வாயு, மூச்சுக்குழலை அரிக்கும்.

மின்சாரக் கருவியின் வேகத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாது, உருகும், வெட்டிய இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு வெட்டுங்கள்.

தேய்ப்பதற்கு 400, 600, 1000 என்று எண் படிப்படியாக ஏறும் வாட்டர் பேப்பர் என்ற தேய்ப்புத் தாள். தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூள் மூக்கில் ஏறாது. அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றாமல் பழைய துணியில் வடிகட்டித் தூளை எடுத்துவிடுங்கள், கான் போய்ச் சேருவது நாம் குடிக்கும் ஓடையில். முறித்துப்போட்ட பிளேட் துண்டுகளுக்கு மூடியுள்ள ஒரு தகரப் பேணி வேண்டும். குப்பையோடு கொட்டினால் மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவரின் காலில்தான் ஏறும்.