மேட்டூர் அணைக்கு மீன்காட்டி வாங்குறவங்களுக்கு

கொளத்தூர் பக்கம் படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன். தண்ணிக்குள்ளே ஒலி அனுப்பி, அடியில் இருக்கிற மீனைத் திரையில் காட்டும் கருவிதான் மீன்காட்டி (ஃபிஷ் ஃபைண்டர்). அதில் எதை வாங்கலாம்னு கேட்கிறவங்க எல்லாரும் முதல்ல திரை எத்தனை இஞ்ச்னுதான் கேட்கிறாங்க. அதை விடுங்க, நெட்டுவாக்கில் எத்தனை பிக்சல்னு பாருங்க.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அவ்வளவு ஆழத்தையும் 240 பிக்சலில் அடைத்தால் ஒரு புள்ளிக்கு அரை அடி. தரையை ஒட்டிக் கிடக்கும் மீனும் தரையும் ஒரே கோடாத்தான் தெரியும். 480 இருந்தால் புள்ளிக்கு மூணு இஞ்ச், மீன் தனியாப் பிரியும். கருவி அனுப்பும் ஒலியின் அதிர்வெண் நம்ம ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும். 50 எல்லாம் ஆழ்கடல்காரங்களுக்கு.

கடைக்குள்ளே டெமோ ஓடும், அதில் எப்பவும் மீன் கொட்டும்! நம்பாதீங்க. பேட்டரியோட வெளியே கொண்டுவந்து உச்சி வெயிலில் பாருங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுறவங்க அதையும் மாட்டிக்கிட்டுத் தலையைச் சாய்ச்சுப் பார்க்கணும். சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துப் போயிடும்.

மீன் பொம்மை காட்டும் வசதிக்காகக் கூடுதல் காசு தராதீங்க. முங்கிக் கிடக்கும் மரக்கிளையையும் அது கட்லான்னு காட்டும். அணைக்குள்ளே இருக்கிற பண்ணவாடி நந்தி சிலை முழுகியிருக்கும்போது அதையும் ஒரு பெரிய மீனாக்கிடும்! அந்த வசதியை ஆஃப் பண்ணிட்டு, மீனைக் காட்டும் வில் மாதிரி வளையும் கோட்டைப் படிக்கப் பழகுங்க.

சின்னப் படகுக்கு அஞ்சு இஞ்ச் தாராளம். திரை பெருசானால் 12 வோல்ட் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தண்ணி உள்ளே போகாதுங்கிறதுக்கான ஐபிஎக்ஸ்7 முத்திரை இருக்கான்னு பாருங்க. பட்டன் மாடலே எடுங்க, ஈரக்கையில் டச் மக்கர் பண்ணும்.