பாதியில் நின்ற ஒலிப்பதிவை முடிப்பது எப்படி: 1967ஆம் ஆண்டின் ஒரு சோல் இசைத்தட்டு காட்டும் வழி

மாரி காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாட்டு ஒலிப்பதிவு செய்யும் குழுக்களுக்குத் திட்டம் குலைவது புதிதல்ல. கரண்ட் போகும், வீதியில் வெள்ளம் ஏறும், அக்கரைப்பற்றிலிருந்து வரவேண்டிய பாடகரால் வர முடியாது. பாதியில் நின்ற பாட்டைக் கைவிடாமல் முடிக்க, அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்ளினின் 'ஐ நெவர் லவ்ட் எ மேன் த வே ஐ லவ் யூ' என்ற சோல் (கறுப்பின அமெரிக்கரின் ஒரு பாட்டு வகை) இசைத்தட்டு உருவான விதம் நல்ல பாடம்.

1967 ஜனவரி 24, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸில், ஃபேம் ஸ்டூடியோவில் வேலை தொடங்கியது. தலைப்புப் பாட்டு முடிந்தது. 'டூ ரைட் வுமன், டூ ரைட் மேன்' பாட்டுக்கு அடித்தளம், அதாவது குரலுக்குக் கீழே ஓடும் வாத்தியப் பகுதி மட்டும் பதிவானது. அன்று மூண்ட தகராறோடு அரீத்தா ஊரைவிட்டுப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அந்த ஸ்டூடியோவுக்காகக் காத்திருக்கவில்லை; அங்கே வாசித்தவர்களை நியூயோர்க்குக்கு அழைத்தார். இடத்தை மாற்றலாம், சேர்ந்து வாசித்துப் பழகிய கைகளை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரைகுறைப் பாட்டில் அரீத்தாவே பியானோ வாசித்துப் பாடினார். அக்கா எர்மாவும் தங்கை கரலினும் பிற்பாட்டுப் பாடினார்கள். மார்ச்சில் இசைத்தட்டு வந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை அடித்தளம். தாளவாத்தியம், பேஸ் கிற்றார், கீபோட் மூன்றும் ஒரே அறையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்கார்ந்து, கிளிக்கோடு (காதுக்குள் வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒலி) வாசிக்க வேண்டும். பாடகர் வராவிட்டாலும் குழுவில் யாராவது வழிகாட்டிக் குரல் பாடிவையுங்கள். அது இல்லாவிட்டால் சரணம் எங்கே தொடங்குகிறது என்று பிறகு வருபவர் தடுமாறுவார். கிளிக் வேகம், சுருதி, சரண எண்ணிக்கை மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

சுருதிதான் பலர் சறுக்கும் இடம். பாடகர் மாறினால் சுருதியும் மாறும். பதிவான வாத்தியத்தைக் கணினியில் அரைச் சுரம் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தாங்கும், அதற்கு மேல் போனால் ஒலி கெடும். கீபோட்டை மிடியாகவும் (ஒலியாக அல்லாமல், எந்தச் சுரம் எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பாக) பதிந்து வைத்தால் எந்தச் சுருதிக்கும் நகர்த்தலாம். மத்தளம், மிருதங்கத் தோல் ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும், ஆகவே ஒவ்வொரு எடுப்புக்கு முன்னும் சரிபாருங்கள்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது மைக் வைத்துப் பாடவேண்டாம். அந்த இரைச்சலைப் பிறகு எடுக்கப்போனால் குரலும் சேர்ந்து தேயும். அந்த நேரத்தை வயரில் நேராகப் பதியக்கூடிய பேஸுக்கும் கீபோட்டுக்கும் கொடுத்து, குரலை மழை விட்ட இரவுக்குத் தள்ளுங்கள். லெப்டொப்பின் யூஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும் இன்டர்ஃபேஸும் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) தனி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கும் இருந்தால், கரண்ட் போன பிறகும் பற்றரி உள்ளவரை பதியலாம். சார்ஜரைக் கழற்றினால் கிற்றாரில் கேட்கும் உறுமலும் பல வேளை போய்விடும்.

பாடகர் கல்முனையில் மாட்டிக்கொண்டாலும் கட்டாரில் இருந்தாலும் அடித்தளத்தை அனுப்பி அங்கேயே பாடச் சொல்லலாம். எல்லாக் கோப்பும் பாட்டின் பூச்சிய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பொருத்துவதற்கே அரைநாள் போகும். பதியும் அளவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், கோப்பு வகை வேவ் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 44.1இல் பதிந்ததை மாற்றாமல் 48இல் ஓட்டினால் வேகம் ஏறக்குறைய 9 வீதம் கூடி, சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். 4 நிமிட மோனோக் கோப்பு சுமார் 35 மெகாபைட் வரும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கும். டொக்கியுமென்ட் ஆகவே அனுப்பச் சொல்லுங்கள்.

பிற்பாட்டுக்கு வெளியே ஆள் தேடவேண்டியதில்லை. கூத்தில் அதை நடத்தும் அண்ணாவியாரோடு பிற்பாட்டுப் பாடிய இரண்டு மூன்று பேர் கிடைத்தால் பெரும் பாக்கியம். அடியின் கடைசிச் சொல்லை எங்கே பிடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரே மைக்கிலிருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்தி, இரண்டு முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்.

பாட்டின் நடுப்பகுதி அமையாமல் தவித்தால், அதே இசைத்தட்டின் 'ரெஸ்பெக்ட்' பாட்டைக் கேளுங்கள். பாடகர் ஓட்டிஸ் ரெடிங் எழுதிய மூலத்தில் இல்லாத நடுப்பகுதிக்கு, சாம் அண்ட் டேவ் என்ற இரட்டையர் பாடிய இன்னொரு பாட்டின் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை எடுத்து அதன்மேல் வாத்தியக் கலைஞர் கிங் கேர்ட்டிஸைச் சக்ஸபோன் ஊதவைத்தார்கள். அடித்தளம் பதியும்போதே 8 தாளவட்டம் வெறுமையாக விட்டுவைத்தால், நாதஸ்வரமோ புல்லாங்குழலோ கிடைக்கிற நாளில் நிரப்பலாம்.

ஒவ்வொரு இரவும் முழுக் கோப்புறையையும் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் மேல்தட்டில் வையுங்கள்.