மாவுக் கடைக்காரர்கள் சூட்டில் செய்யும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இட்லி மாவுக் கடை போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அரிசி ஊறுகிற நேரம், உளுந்தின் அளவெல்லாம் வீட்டிலேயே பழகியிருக்கும். அதை விட்டுவிடுகிறேன். காசு போவது சூட்டில்தான்.

பொங்கிய அண்டாவை அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியில் ஒரு தம்பியின் கடைக்குப் போயிருந்தேன். முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்த பெரிய அண்டா. "தொட்டுப் பாருங்கண்ணா, ஜில்லுனு இருக்கு" என்றார். மேல்மாவு ஜில்லென்றுதான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டேன். நடுவில் வெதுவெதுப்பு. விரலை முகர்ந்தால் புளிச்ச வாடை. அதற்குள் பாதி மாவு பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போயிருந்தது. மதியத்துக்குள் எல்லாம் உப்பி, மாலையில் திரும்பி வந்தன.

மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அதற்கு 25 முதல் 30 டிகிரி தோதானது. சூடு அதைத் தாண்டி ஏற ஏற, புளிப்பை மட்டும் கூட்டுகிற மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். பொங்கிய மாவு முழுக்கக் காற்றுக் குமிழி. கம்பளி போர்த்தியதுபோல் அது உள்சூட்டை வெளியே விடாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி காட்டினாலும் அண்டாவின் நடுவில் புளிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் பொங்கியதும் மாவை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்துவிடுங்கள். நான்கு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் நடுவில் காற்று போக இடம் விடுங்கள். கம்பி நுனியுள்ள தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். அதை மாவின் நடுவில் குத்திப் பாருங்கள். சுவரில் மாட்டிய மீட்டர் அறையின் சூட்டைத்தான் சொல்லும், மாவின் சூட்டைச் சொல்லாது.

கிரைண்டர் சூடு

உளுந்து அரைபடும்போதே கல் சூடேறி, மாவும் சூடாகிவிடும். கோடையில் ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுங்கள். தொட்டால் சூடு தெரிகிற மாவு சீக்கிரம் புளிக்கும்.

மாவு பொங்க ஈஸ்ட் போடலாமா?

வேண்டாம்.

ஊர் மாறினால் நேரமும் மாறும்

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகக் கீழே. இரண்டுக்கும் நடுவே 50 கிலோமீட்டர்தான், ஆனால் மார்கழி இரவில் ஓசூர் மாவு அசையவே அசையாது. அங்கே கடை போடுகிறவர்கள் கிருஷ்ணகிரிக்காரரிடம் கேட்ட நேரக்கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டுங்கள், உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், மாலையே ஆட்டி முடித்துவிடுங்கள். காலையில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மாவு மேலே வந்து குமிழி தெரிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் காத்திருங்கள்.