ஒரே சிங்கில் கெட்டுப்போகும் கல்யாண ஆல்பம்

ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே நாளில் மூன்று நான்கு வகை வெளிச்சம் இருக்கும். முகூர்த்த மேடையில் வீடியோக்காரரின் எல்இடி லைட் 5600 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு) அளவில் வெள்ளையாக அடிக்கும். பின்னால் தொங்கும் சீரியல் பல்புகள் 3000 கெல்வினை ஒட்டிய மஞ்சள். மாலை ரிசப்ஷனில் ஊதாவும் நீலமும். எடிட்டிங்கில் இத்தனை வெளிச்சத்துப் படங்களையும் சேர்த்து ‘செலக்ட் ஆல்’ கொடுத்து ஒரே ப்ரீசெட்டை (முன்பே சேமித்து வைத்த திருத்த அளவுகள்) போடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் ‘சிங்க்’ (Sync) படத்தைப் பார்ப்பதில்லை. ஒரு படத்தின் திருத்த எண்களை மற்றவற்றில் எழுதுகிறது, அவ்வளவுதான். அதனால் கலர் கரெக்‌ஷனைத் தொடுவதற்கு முன் வெளிச்சம் வாரியாகப் பிரியுங்கள். கலர் லேபிள் போதும்: 6 அழுத்தினால் சிவப்பு, 7 மஞ்சள், 8 பச்சை, 9 நீலம். மேடைக்கு ஒன்று, வெளியே மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று. இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் ஒவ்வொரு குழுவையும் கேமரா வாரியாக இன்னொரு முறை பிரிக்க வேண்டும். ஒரே கெல்வின் எண் இரண்டு கம்பெனி கேமராக்களில் ஒரே நிறத்தைத் தராது.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சிங்குக்கு எடுத்த மூலப் படத்தில் அது ‘ஆஸ் ஷாட்’ (கேமரா பதிந்தபடி) என்றே இருந்தால், சிங்க் செய்தபின் ஒவ்வொரு படமும் தன் சொந்த ‘ஆஸ் ஷாட்’ அளவையே வைத்துக்கொள்ளும். கேமரா ஆட்டோவில் இருந்திருந்தால் அந்த அளவு படத்துக்குப் படம் மாறும். சிங்க் வேலையே செய்யவில்லை என்று தோன்றும். டெம்ப் ஸ்லைடரைக் கொஞ்சம் அசைத்து ‘கஸ்டம்’ ஆக்கிவிட்டு சிங்க் செய்யுங்கள். ரா ஃபைல்களோடு (கேமரா பதப்படுத்தாமல் தரும் ஃபைல்) ஜேபெக் கலந்திருந்தால் இதுவும் உதவாது. ரா ஃபைலில் டெம்ப் கெல்வினில் இருக்கும். ஜேபெக்கில் அது -100 முதல் +100 வரைதான். இரண்டையும் தனித்தனியாகவே கையாள வேண்டும்.

படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரிலும் இதே கதை. படம் படமாகப் பார்த்து ஒன்றுக்கு +0.30, இன்னொன்றுக்கு -0.50 வைத்திருப்பீர்கள். பிறகு எக்ஸ்போஷரையும் டிக் செய்து சிங்க் கொடுத்தால் எல்லாம் ஒரே எண்ணாகிவிடும், பட்ட பாடு வீண். குழு முழுவதும் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் லைப்ரரியின் கிரிட் வியூவில் எல்லாவற்றையும் தேர்ந்து, குவிக் டெவலப்பின் ஒற்றை அம்பை அழுத்துங்கள். அது இருக்கும் எண்ணோடு மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டும். இரட்டை அம்பு ஒரு ஸ்டாப். ‘மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்’ நல்ல கருவிதான், ஆனால் அது ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ கணக்கை மட்டுமே பார்க்கும். ஃப்ளாஷ் அடித்த படங்களில் அதை நம்பக் கூடாது.

ஆட்டோ சிங்க் பற்றி ஒரே வார்த்தை: அணைத்து வையுங்கள். அது ஆனில் இருக்க, இருநூறு படங்கள் தேர்வில் இருப்பதை மறந்து ஒரு முகத்தைச் சரிசெய்தால், இருநூறும் மாறும்.

க்ராப், ஸ்பாட் நீக்கம், பிரஷ் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தப் பூசுவது) மூன்றையும் சிங்க் பெட்டியில் டிக் எடுத்துவிடுங்கள். கையால் போட்ட பிரஷ் அதே இடத்தில் போய் ஒட்டும். அடுத்த படத்தில் அங்கே மணப்பெண்ணுக்குப் பதில் ஐயர் இருப்பார். ‘செலக்ட் சப்ஜெக்ட்’ போன்ற மாஸ்க்குகள் படத்துக்குப் படம் புதிதாகக் கணக்கிடப்படும் என்றாலும், மேடையில் பத்துப் பேர் நிற்கும்போது யாரைப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் விடக் கூடாது. ஹோமப் புகைக்காகக் கூட்டிய டீஹேஸும் (மூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடர்) புகையில்லாத படங்களுக்குப் போகக் கூடாது. முகங்கள் கறுத்து, நிறம் முறுகிப்போகும்.

விலைக்குக் கிடைக்கும் ‘ஃபிலிம் லுக்’ ப்ரீசெட்டுகளை நம் கல்யாணங்களுக்கு அப்படியே போடுவது எங்கள் பார்வையில் தவறுதான். பல ப்ரீசெட்டுகள் மஞ்சளையும் ஆரஞ்சையும் வெளிறடிக்கும். தாலிக் கயிறு பழுப்பாகும், சரிகை சாம்பலாகும். போட்டே ஆக வேண்டுமென்றால் நிறம் வாரியாகத் திருத்தும் ஹெச்எஸ்எல் பகுதியில் அந்த இரண்டு நிறங்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள். அரக்குப் பட்டில் சாச்சுரேஷனைக் கூட்டினால் சிவப்புச் சேனல் உச்சத்தில் முட்டி, நெசவின் மடிப்பெல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும்.

பதிந்து வைத்த செய்முறையை (ஆக்‌ஷன்) பல படங்களில் ஒரே மூச்சில் ஓட்டும் ஃபோட்டோஷாப்பின் ‘பேட்ச்’ (Batch) வசதியில் ஆபத்து வேறு வகை. ‘சேவ் அண்ட் க்ளோஸ்’ தேர்ந்தால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். சேரிடத்தை எப்போதும் வேறு ஃபோல்டராக வையுங்கள். ஆக்‌ஷன் பதியும்போது ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் ஃபைல் பெயரைத் தட்டினால் அந்தப் பெயரும் பதிவாகும். பிறகு ஐந்நூறு படங்களை ஓட்டினால் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் விழுந்து, கடைசியில் ஒரே ஒரு ஃபைல் மிஞ்சும். ‘ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் ஆஸ் கமாண்ட்ஸ்’ டிக் இருக்க வேண்டியது இதற்காகத்தான். அளவு குறைக்க அகலத்தை மட்டும் பதியாதீர்கள், நெட்டுப் படங்கள் ராட்சச அளவில் வரும். ‘ஃபிட் இமேஜ்’ நெட்டு, கிடை இரண்டு வாக்கிலும் சரியாக நிற்கும்.

எக்ஸ்போர்ட்டில் வாட்ஸ்அப்புக்காக நீளப் பக்கம் 2048 பிக்சல் என்று வைத்த ஃபோல்டரே ஆல்பம் டிசைனருக்கும் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. 12×36 அங்குல ஷீட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 10800×3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படமே 6000 பிக்சல் அகலம்தான். ஷீட் முழுக்க விரித்தால் அங்குலத்துக்கு 167 பிக்சல் வரும். 2048 என்றால் 57தான். ரெசல்யூஷன் பெட்டியில் 300 என்று எழுதியதால் பிக்சல் கூடாது. வண்ண வரம்புக்கு (கலர் ஸ்பேஸ்), பிரிண்ட் போடும் லேப் வேறு கேட்காதவரை எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்த படம், வண்ணக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் மங்கலாகத் தெரியும்.

எடிட்டிங் முடிந்ததும் லைட்ரூம் எடுக்கும் பேக்கப்பில் கேட்டலாக் (திருத்தங்களின் பதிவேடு) மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. ரா ஃபைல்களை இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய பிறகே மெமரி கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.