சீக்கிரம் கிழியாத வேலை கிளவுஸ் வாங்குவது எப்படி (மூன்று ஜோடியைத் தொலைத்தவன் சொல்வது)

தோட்டத்தின் பின்பக்கம் மண்டிக்கிடந்த முள்புதரை வெட்டி, துருப்பிடித்த கம்பி வேலியைப் பிரித்து, கல் அடுக்கி ஒரு சின்னத் தடுப்புச் சுவரும் எழுப்பிவிடலாம், இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று இறங்கினேன். இரண்டு மாதத்தில் மூன்று ஜோடி கிளவுஸ் போனது. நான்காவது ஜோடி இன்னும் கையில் இருக்கிறது, அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. (கையுறை என்றுதான் எழுத வேண்டும். கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, அதனால் கிளவுஸ்.)

படி 1: கிழிந்துபோனதைத் தூக்கி எறியாதீர்கள்

எங்கே கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ந்திருந்தால் அது மண்வெட்டிப் பிடியின் வேலை, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். விரல்நுனி ஓட்டையாகியிருந்தால் கல்லும் செங்கல்லும். துணி நன்றாக இருந்து தையல் மட்டும் விட்டிருந்தால் நூல் மட்டம். பின்னல் துணிமேல் போட்ட பூச்சு உப்பிப் பிசுபிசுவென்று உரிந்திருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ பட்டிருக்கிறது, அந்தப் பூச்சு பெரும்பாலும் லேட்டக்ஸாகத்தான் (இயற்கை ரப்பர்) இருக்கும்.

படி 2: தோலா, பூச்சா?

மண், கல், மரம், முள் என்றால் தோல். அதிலும் என் ஓட்டு ஆட்டுத்தோலுக்கு. மாட்டுத்தோலைவிட மெல்லியதாக இருந்தும் நன்றாகத் தாங்குகிறது, விரலை மடக்க முடிகிறது, கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. கனமான கல்லைத் தூக்கவும் கம்பியை இழுக்கவும் மாட்டுத்தோல் நல்லது. ஆனால் 'தோல்' என்று மட்டும் போட்டு மலிவாக விற்பது பெரும்பாலும் தோலின் அடிப்பகுதியைப் பிளந்து எடுத்தது, இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும். மேல்தோல் அளவுக்கு அது உழைக்காது, நனைந்து காய்ந்தால் கட்டையாகிவிடும்.

பின்னலில் பூச்சுப் போட்டவற்றில், எண்ணெய் படும் வேலைக்கு நைட்ரைல், ஈரக்கல்லைப் பிடிக்க லேட்டக்ஸ், சின்ன ஸ்குரூ திருகும் நுணுக்க வேலைக்குப் பாலியூரித்தேன். அட்டையில் 13 கேஜ், 15 கேஜ் என்று இருப்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பின்னல் ஊசி என்ற கணக்கு. எண் கூடக்கூட கிளவுஸ் மெல்லியதாகும். அதிக எண் என்றால் அதிக பலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: கேடயப் படத்துக்குக் கீழே இருக்கும் எண்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். முதல் ஜோடியின் அட்டையில் 'வெட்டு எதிர்ப்பு 5' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 5 தான் உச்சம் என்று கடைக்காரரும் சொன்னார், அவர் சொன்னது பொய்யும் இல்லை. மாட்டிக்கொண்டு புதருக்குள் கையை விட்டேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு முள் பின்னல் கண்ணி வழியாக நேரே புகுந்து நகத்துக்கடியில் ஒடிந்து நின்றது. ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த அன்றைக்கு மாலைதான் அந்த அட்டையை முழுதாகப் படித்தேன்.

சுத்தியல் படம் போட்ட கேடயத்துக்குக் கீழே இருப்பது இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரத்தின் எண்கள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை. முதல் எண் உராய்வு: 1 என்றால் 100 சுற்றுத் தேய்ப்பு, 4 என்றால் 8000 சுற்று. நாள்பட உழைக்குமா என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. என்னுடையதில் 4, 5, 4, 2 என்று இருந்தது. அந்தக் கடைசி 2 தான் என் விரலில் ஏறியது.

சரி, குத்து 4 இருந்தால் முள் ஏறாதா? ஏறலாம். அந்தச் சோதனையில் குத்துவது ஆணி கனத்தில், முனை சற்று மழுங்கிய எஃகுக் கம்பி. ஊசி மாதிரி மெல்லிய முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னல் எவ்வளவு உயர்ந்த நூலில் இருந்தாலும் கண்ணி கண்ணிதான், ஊசி நூலை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டு போகிறது. முள்ளுக்குத் தோல்தான், அதுவும் முழங்கைவரை நீண்டதாக இருந்தால் நல்லது.

வெட்டு எண்ணிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அதைச் சோதிப்பது சுழலும் வட்டக் கத்தியால். கண்ணாடி இழையோ எஃகு இழையோ கலந்த நூல் அந்தக் கத்தியையே மழுங்கடித்துவிடும், எண் தாராளமாக ஏறும். அதனால்தான் 2016-இல் தரத்தைத் திருத்தி, நேர்க்கத்தியால் செய்யும் இன்னொரு சோதனையைச் சேர்த்து ஏ முதல் எஃப் வரை எழுத்துக் கொடுத்தார்கள். ஏ என்றால் 2 நியூட்டன் (விசையின் அலகு), எஃப் என்றால் 30. எண்ணும் எழுத்தும் இரண்டும் இருந்தால் எழுத்தை நம்புங்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

படி 4: அளவு

பெரிதாக இருந்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று நான் வாங்கிய இரண்டாவது ஜோடிக்குள் கை வழுக்கி வழுக்கி, கிளவுஸ் போட்டும் உள்ளங்கையில் கொப்புளம். விரல்நுனியில் மீந்த துணி கம்பியில் மாட்டிக் கிழிந்ததுதான் மிச்சம். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எத்தனை அங்குலமோ அதுவே ஏறக்குறைய உங்கள் அளவு: 203 மில்லிமீட்டர் என்றால் 8, 229 என்றால் 9. எந்தக் கையால் வேலை செய்கிறீர்களோ அந்தக் கையை அளக்க வேண்டும். தோல் போகப்போக இளகும், அதனால் முதல் நாள் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. போட்டுக்கொண்டு முஷ்டி மடக்கிப் பாருங்கள், தையல் விரலில் உறுத்தினால் வேறு எடுங்கள்.

மூன்றாவது ஜோடி? நனைந்ததை அவசரத்துக்கு அடுப்போரம் காயவைத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. தோலை நிழலில்தான் உலர்த்த வேண்டும், பாதி காய்ந்ததும் கையில் மாட்டி விரலை மடக்கி நீட்டினால் வடிவம் கெடாது.

எந்த கிளவுஸும் போடக் கூடாத வேலை ஒன்று உண்டு. நிலையாகப் பொருத்திய டிரில், லேத் போல எதுவாவது சுழலும் இடத்தில் வெறுங்கைதான். துணி ஒரு சுற்று சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

பின்சேர்க்கை: கெவ்லார் (வெட்டைத் தாங்கும் மஞ்சள் நிறச் செயற்கை நூல்) கிளவுஸைப் பிளீச்சிங் போட்டுத் துவைத்ததில் நூல் இற்றுவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், அதற்குக் குளோரின் ஆகாது, வெயிலும் ஆகாது. மஞ்சள் நிறம் பழுப்பாக மாறினால் வலு குறைகிறது என்று பொருள். சோப்புத் தண்ணீரில் அலசி உள்ளே காயப்போடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: வெல்டிங் பொறிக்கு, வெட்டு எதிர்ப்பு என்று விற்கும் சாம்பல் நிறப் பின்னல் கிளவுஸ் சரிவருமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது பாலிஎத்திலீன் நூல், சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகித் தோலோடு ஒட்டும். வெல்டிங்குக்கு என்றே தைத்த மாட்டுத்தோல் கிளவுஸ் இருக்கிறது. நான் மேலே குறைசொன்ன அந்தச் சொரசொரப்பான பிளவுத்தோல்தான் அதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது, அந்த வேலைக்கு அது நன்றாகவே தாங்கும்.